எந்த முகம் ஒட்டும்?

நேயர்களுக்கு வணக்கம். கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பற்றி, படமும் காட்ட முடியாத வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் பாதி வேலை உங்கள் கற்பனைக்கு.

சில பத்து நானோமீட்டர் அளவில் ஒரு துகள்; ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் மாங்கனீசு ஆக்சைடு. இரண்டு முகம் கொண்ட ரோமானியக் கடவுளின் பெயரால் இதற்கு ஜேனஸ் துகள் என்று பெயர். மனிதருக்கு இரண்டு முகம் இருந்தால் திட்டுவோம், இங்கே அதுதான் சரக்கே!

அப்புறம், இந்தத் துகளை ஒட்ட வைக்கப்போகிற நுண்குழாய். இது கார்பன் குழாய் இல்லை, டங்ஸ்டனும் கந்தகமும் சேர்ந்த டங்ஸ்டன் டைசல்ஃபைடு. 1992-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரெஷெஃப் டென்னே குழுவினர் கண்டது. பாய் மாதிரிச் சுருண்ட அடுக்குகள், ஒவ்வொரு அடுக்கிலும் நடுவில் டங்ஸ்டன், மேலும் கீழும் கந்தகம். ஆக, வெளியிலிருந்து வருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது கந்தகத்தின் மீதுதான்.

சரி, துகள் எந்த முகத்தைக் காட்டி ஒட்டும்? 1963-இல் வேதியியலாளர் ரால்ஃப் பியர்சன் சொன்ன கணக்கு இங்கே உதவுகிறது: மென்மையானது மென்மையானதோடு சேரும், கடினமானது கடினமானதோடு. தொட்டுப் பார்க்கிற மென்மை இல்லை இது, எலக்ட்ரான் மேகம் எளிதில் வளைந்துகொடுத்தால் மென்மை, கொடுக்காவிட்டால் கடினம். தங்கமும் கந்தகமும் மென்மைக் கட்சி, அதனால் சும்மா விட்டால் தங்க முகம் போய் அப்பிக்கொள்ளும், ஆக்சைடு வெளியே பார்க்கும். ஆனால் நமக்குத் தங்கம் வெளியே வேண்டும், அதன் மேல் கந்தக வால் உள்ள வேறு மூலக்கூறுகளைக் கோக்க வேண்டும் என்றால்? ஆக்சைடு முகத்தில் மட்டும் பிடிக்கிற ஒரு மூலக்கூறைப் பூசி, அதன் மறுமுனையில் நிக்கல் அயனியை உட்கார வைக்கலாம். நிக்கல் ஒரு கையால் அந்த மூலக்கூறையும் இன்னொரு கையால் குழாயின் கந்தகத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. என்னைக் கேட்டால் உண்மையான தலைவலி கழுவுவதில்தான். துகள்களைத் தயாரிக்கும்போதே அவை ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒலியிலமைன் போன்ற நீண்ட வால் மூலக்கூறுகள் மேலே போர்த்தியிருக்கும். அது அதிகம் மிஞ்சினால் எந்த முகமும் குழாயை நெருங்காது, அளவுக்கு மீறிக் கழுவினால் துகள்கள் தங்களுக்குள்ளேயே கட்டியாகிவிடும், குழாய் காலியாகக் கிடக்கும்.

ஒட்டியது எந்த முகம் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். தங்கம் கறுப்புப் பொட்டாகத் தெரியும், ஆக்சைடு வெளிறிய தொப்பி. குழாயின் ஓரத்தில் நிற்கும் துகள்களை எண்ண வேண்டும், நடுவில் கிடப்பவற்றை நம்பக்கூடாது, அவை மேலே இருக்கின்றனவா கீழே இருக்கின்றனவா என்றே அந்த ஒற்றைப் படத்தில் தெரியாது.