55 வயதுக் கோடு

அவைத்தலைவர் அவர்களே, தம் நேரத்தோடு என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்டு, ஆனால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் பேசி அமர்ந்த நரம்பியல் பேராசிரியர் அவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, சக்கர நாற்காலிகளில் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம். இந்தப் பழமொழி இல்லாமல் எனக்கு மேடையே கிடையாது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். முதுமையில் மூளையின் காவல் செல்கள் என்ன ஆகின்றன? உணவும் உடற்பயிற்சியும் அவற்றுக்கு உதவுமா? மருந்து ஆய்வுகளில் முதியவர்களுக்கு இடம் எங்கே?

இந்த நோயில், நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குகிறது. சிதைந்த உறையின் துணுக்குகளை விழுங்கி அப்புறப்படுத்துபவை மைக்ரோகிளியா எனப்படும் அந்தக் காவல் செல்கள். 1919-இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரியோ ஓர்தேகா இவற்றைத் தனியினமாக அடையாளம் காட்டினார். துணுக்குகள் அகன்றால்தான் புதிய உறை ஒழுங்காக வளரும். முதுமையிலும் இந்தச் செல்கள் விழுங்கத்தான் செய்கின்றன, செரிப்பதில்தான் திணறல். மயலினில் கொழுப்பு மிகுதி. முதிய எலிகளின் செல்களுக்குள் கொலஸ்டிரால் படிகமாகவே உறைந்து கிடந்ததை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படிகம் அழற்சியைத் தூண்டும், பழுதுபார்ப்பு தடைப்படும். வயதாக ஆக நோயின் திடீர்த் தாக்குதல்கள் குறைந்தும், நடை மட்டும் மெல்ல மெல்லத் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். கதையல்ல, 2012-இல் வெளிவந்த ஆய்வு. ஹார்வர்டு, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரு கிழட்டு எலியையும் ஓர் இள எலியையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தார்கள். ஆம், தைத்தார்கள்! இரண்டு உடல்களுக்கும் ஒரே இரத்த ஓட்டம். முகம் சுளிக்காதீர்கள், அம்மா. நானும் முதலில் சுளித்தேன். கிழட்டு எலியின் தண்டுவடத்தில் மயலினைச் சிதைத்துவிட்டுப் பார்த்தார்கள். இளைய எலியின் இரத்தத்திலிருந்து துப்புரவுச் செல்கள் வந்து சேர்ந்தன, குப்பை குறைந்தது, உறை மீண்டும் செழித்தது. உறையைக் கட்டிய செல்கள் யாருடையவை? இளைய எலியுடையவை என்பீர்கள். இல்லை, ஐயா! கிழவருடைய சொந்தச் செல்கள்! கட்டும் திறன் அவருக்குள்ளேயே இருந்தது. தரையைக் கூட்டிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. பழுத்த ஓலையைப் பார்த்துச் சிரித்த குருத்தோலை இந்தச் சோதனைக் கூடத்துக்கு வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது செய்திக்கு நேரமிருந்தால் வருகிறேன். மூன்றாவதுதான் என் வழக்கு. இந்த நோயில், தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல முற்றிக்கொண்டு போகும் முதன்மை முற்று வகைக்கு அமெரிக்காவில் முதன்முதலாக 2017-இல் ஒப்புதல் பெற்ற ஒக்ரெலிசுமாப் மருந்தின் முக்கியச் சோதனையில் 18 முதல் 55 வயது வரை உள்ளவர்களையே சேர்த்தார்கள். 56 வயதுக்காரருக்கு மருந்து எழுதும் மருத்துவர் எந்தக் கணக்கை நம்பி எழுதுவார்? முதியவர்களுக்குத் தொற்று அபாயம் அதிகம் என்பார்கள். உண்மைதான். அந்த அபாயத்தை அளக்கவேனும் அவர்களைச் சேர்க்க வேண்டாமா? செல்லே மாறிவிடும் வயதில் மருந்தின் பலன் மட்டும் மாறாதா?

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு தீர்மானம்: இனிவரும் சோதனைகளில் 55-ஐத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும்; அவர்களுடைய முடிவுகளைத் தனியே வெளியிட வேண்டும். வாசலில் கையெழுத்துத் தாள் இருக்கிறது. பேராசிரியர் அவர்களின் கையெழுத்து முதலாவதாக அமையுமானால் நன்றியுடையவனாவேன்.