எல்லோருக்கும் கஷ்டம், யாரும் சொல்வதில்லை

(கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

கல்லூரி வாழ்க்கை பொற்காலம், நன்றாக அனுபவி என்று இதற்குள் உங்களிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வருடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். முதல் வருடம், அதிலும் முதல் செமஸ்டர், நிறையப் பேருக்குக் கஷ்டமாகத்தான் போகிறது. வகுப்பில் நடத்துவது பிடிபடாது, மனம்விட்டுப் பேச ஆள் இருக்காது, ராத்திரி தூக்கம் வராது, வீட்டு ஞாபகம் நெஞ்சை அடைக்கும். இதெல்லாம் ஒரே வகுப்பில் ஒரே சமயத்தில் பலருக்கு நடந்துகொண்டிருக்கும். ஆளாளுக்கு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி, மற்றவர்கள் எல்லாம் ஜாலியாக இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். முதல் வருட மாணவர்களை அதிகமாக உடைப்பது இந்த நம்பிக்கைதான் என்று நான் நினைக்கிறேன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து பல நாட்டு ஆய்வாளர்கள் முதல் வருட மாணவர்களிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள், 2018-இல் முடிவுகள் வெளிவந்தன. 8 நாடுகள், 19 கல்லூரிகள், ஏறக்குறைய 14,000 மாணவர்கள். மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் மாதிரியான பொதுவான மனநலப் பிரச்சினைகளில் ஏதாவது ஒன்றாவது வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் இருந்ததாகத் தெரியவந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் யார் என்று பக்கத்தில் இருக்கும் இரண்டு பேருக்கும் தெரியாது, அதுதான் விஷயம்.

முதலில் படிப்பைப் பார்ப்போம். பள்ளியில் பாடம் நடத்துவார்கள், திரும்ப நடத்துவார்கள், வீட்டுப்பாடம் கொடுப்பார்கள், நோட்டைத் திருத்துவார்கள், வாரம் ஒரு டெஸ்ட் வைப்பார்கள். நீங்கள் பின்தங்கினால் உங்களுக்கு முன்னால் ஆசிரியருக்கே தெரிந்துவிடும். கல்லூரியில் அந்த ஏற்பாடு அப்படியே காணாமல் போகிறது. ஒரு மணி நேரம் நடத்திவிட்டுப் போய்விடுவார்கள், நடுவில் இரண்டு மணி நேரம் வகுப்பே இருக்காது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இதைச் சுதந்திரம் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறோம், ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைப் படிப்பதற்கென்றுதான் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் படிப்பு நேரத்தை வைத்து இத்தனை புள்ளி என்று கணக்கிடும் கிரெடிட் முறையில் பாடத்திட்டம் போடும் பல பல்கலைக்கழகங்களில் ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு என்பது நெடுநாளாக உள்ள கணக்கு. யாரும் மேடை போட்டு அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், எப்படிப் படிக்கிறோம் என்பது. 1885-இலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மன் உளவியல் அறிஞர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்மீதே சோதித்து எழுதிவைத்தார். முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும்தான் மறதி வேகமாக இருக்கிறது, அதற்கப்புறம் மெதுவாகிறது. பாடத்துக்கு அர்த்தம் இருப்பதால் அசைகள் அளவுக்கு மறக்காது என்பது சரி, ஆனால் போக்கு அதேதான். வகுப்பு முடிந்த அன்றைக்கே ஒரு கால் மணி நேரம் பார்ப்பதும், தேர்வுக்கு முந்தைய வாரம் மொத்தத்தையும் புதிதாகப் பார்ப்பதும் ஒன்றாகாது.

பார்ப்பது என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை வாசித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் ஞாபகம் இருந்தது, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறு ஒன்று, ஒரு வாரத்துக்குப் பின் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் அந்த நான்கு முறை வாசித்தவர்கள்தான். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. புத்தகத்தை மூடினால்தான் தெரியுமா தெரியாதா என்பது தெரிகிறது, மூடுவதற்குத்தான் பயம்.

சரி, இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். 1970-களில் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். முதல் வருட கால்குலஸ் என்ற கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுப்போவதையும், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்வதையும் கவனித்து, ஏன் என்று கேட்டார். பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: ஆர்வம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வசதி இல்லை. ட்ரைஸ்மன் அதை ஏற்றுக்கொண்டு கட்டுரை எழுதிவிடவில்லை. இரண்டு தரப்பிலும் இருபது இருபது பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் படிக்கிற இடங்களுக்கே போய், கூடவே இருந்து பார்த்தார். சொன்ன காரணம் ஒன்றுகூட நிற்கவில்லை. தோற்றவர்களில் பலர் பள்ளியில் முதல் மாணவர்கள், வீட்டார் அவர்கள் படிப்புக்காகவே பாடுபட்டவர்கள்.

அவர் கண்ட வித்தியாசம் வேறு. தோற்றவர்கள் வகுப்புக்குப் போனார்கள், வாரம் எட்டு மணி நேரம் போல ஒழுங்காக உட்கார்ந்து படித்தார்கள், ஆனால் தன்னந்தனியாகப் படித்தார்கள். படிப்பு ஒரு பக்கம், நண்பர்கள் ஒரு பக்கம். வராத கணக்கோடு அறையில் தனியாகப் போராடி, வராவிட்டால் குறை தன்னிடம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். சீன வம்சாவளி மாணவர்களும் தனியாகப் படித்தார்கள், அதற்கு மேல் மாலையில் ஒன்றாக உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒருவர் தப்பை ஒருவர் திருத்தினார்கள், பழைய கேள்வித்தாளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் வராத கணக்கு எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் எல்லாருக்கும் வரவில்லை என்றால் கணக்கு கடினம், எனக்கு மட்டும் வரவில்லை என்றால் நான் மட்டம் என்றல்லவா மனசு முடிவு கட்டுகிறது? தனியாக இருப்பவருக்கு இந்த இரண்டில் எது உண்மை என்று கண்டுபிடிக்கவே வழி இல்லை.

ட்ரைஸ்மன் இதை வைத்து ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார். பின்தங்கியவர்களுக்கான உதவி வகுப்பு என்று பெயர் வைத்திருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள், முதல் மாணவராக இருந்து பழகியவருக்கு அது அவமானம். அதனால் சிறப்பாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கான வகுப்பு என்று அழைத்து, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்கார்ந்து போட வைத்தார். தோற்றுக்கொண்டிருந்தவர்களின் மதிப்பெண்கள் நன்றாக ஏறின, பின்னால் பல கல்லூரிகள் அந்த முறையை எடுத்துக்கொண்டன.

ஆகவே முதல் மாதத்துக்குள் மூன்று பேரோ நான்கு பேரோ சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள் ஒரு நேரம் குறித்து உட்காருங்கள். முதலில் ஆளாளுக்குத் தனியாக முயற்சி செய்துவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் போடுவார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். உங்களுக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் உங்களுக்கு நேரம் வீணாகும் என்று நினைக்காதீர்கள், சொல்லிக் கொடுக்கிறவர்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார்.

ஆசிரியரிடம் கேட்பதும் இதே கதைதான். பேராசிரியர் அறை வாசல் வரை போய்த் திரும்பி வருகிற மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே போய், "சார், ஒன்றுமே புரியவில்லை" என்றால் அவராலும் எங்கே தொடங்குவது என்று சொல்ல முடியாது. "சார், இந்தக் கணக்கில் மூன்றாவது வரி வரை வந்துவிட்டேன், நான்காவது வரி எப்படி வந்தது என்று தெரியவில்லை" என்று போட்ட தாளோடு போங்கள். இரண்டு நிமிடத்தில் தீரும், உங்கள் முகமும் அவருக்கு ஞாபகம் இருக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு வீட்டிலேயே அக்காவோ அண்ணனோ இதெல்லாம் எப்படி என்று சொல்லிவிடுகிறார்கள், உங்களுக்குக் கேட்டால்தான் தெரியும். கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

நட்பு. முதல் வாரத்திலேயே கும்பலாகச் சேர்ந்து போட்டோ எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்து, எனக்கு மட்டும் யாரும் இல்லையே என்று மனம் வெதும்புவீர்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் புதிய ஊருக்குப் போனவர்களையும் முதல் வருட மாணவர்களையும் கேட்டுப் பார்த்ததில், வெறும் அறிமுகம் சாதாரண நட்பாவதற்கு ஒன்றாகக் கழித்த நேரம் சுமார் 50 மணி, நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி, நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200 மணிக்கும் மேல் என்று வந்தது. ஆளுக்கு ஆள் மாறும்தான், ஆனாலும் முதல் மாதத்தில் உயிர்த்தோழன் கிடைக்கவில்லை என்றால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள், இன்னும் அவ்வளவு நேரமே ஆகவில்லை. அந்த நேரம் சேர வேண்டுமானால் ஒரே ஆட்களை அடிக்கடி பார்க்கிற மாதிரி ஏதாவது ஒன்றில் சேர வேண்டும்: விளையாட்டோ, நாடகமோ, நூலகத்தில் ஒரே மேசையோ. ஹாஸ்டலில் இருப்பவர்கள் ஒவ்வொரு வாரக் கடைசியும் வீட்டுக்கு ஓடினால் இந்த நேரம் சேராது. வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் கடைசி வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடாமல் வாரம் ஓரிரு நாளாவது கொஞ்சம் தங்கிவிட்டுப் போங்கள்.

சேர்ந்த புதிதில் இது நமக்கான இடம் இல்லை என்று தோன்றுவதைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. வால்டன், கோஹன் என்ற இருவர் 2011-இல் வெளியிட்டது. முதல் வருட மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள்: ஆரம்பத்தில் எங்களுக்கும் அந்நியமாகத்தான் இருந்தது, போகப்போகச் சரியாகிவிட்டது என்கிற அனுபவங்கள். மொத்தம் ஒரு மணி நேர வேலை. அந்தக் கல்லூரியில் சிறுபான்மையாக இருந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று வருடங்களில் உயர்ந்து, வெள்ளை இன மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. சீனியர் மாணவர்கள் இங்கே யாராவது இருந்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன்: உங்கள் முதல் வருடம் எப்படி இருந்தது என்று இந்தப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். புதியவர்களை அவமானப்படுத்தி வேடிக்கை பார்த்துவிட்டு, அதற்கு "பழகுவது" என்று பெயர் சொல்கிறவர்களை நான் மதிக்க மாட்டேன். புதியவர்களே, அப்படி நடந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், அன்றைக்கே நிர்வாகத்திடமும் வீட்டிலும் சொல்லுங்கள்.

தூக்கம் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. உங்கள் வயதுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வேண்டும், படித்தது நினைவில் பதிவதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. இரவெல்லாம் விழித்துப் படிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போனில் முதல் கேள்வியாக மார்க்கைக் கேட்காதீர்கள். ஒரு பேப்பர் போய்விட்டது என்று பிள்ளை சொன்னால், சொன்னதே பெரிய விஷயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் தடவை நீங்கள் எப்படிப் பேசுகிறீர்களோ, அதைப் பொறுத்துத்தான் அடுத்த தடவை உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

கடைசியாக, இதை மட்டும் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் கனத்துக் கிடக்கிறது, பிடித்ததும் பிடிக்கவில்லை, சாப்பாடோ தூக்கமோ கெட்டுவிட்டது, வகுப்புக்குப் போகவே முடியவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை, மருத்துவரையோ கல்லூரி ஆலோசகரையோ பார்க்க வேண்டிய விஷயம். அறைத்தோழனோ தோழியோ "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரிப் பேசினால், சாகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வார்டனோ ஆசிரியரோ வீட்டாரோ பொறுப்பான ஒரு பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று உங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள். கொஞ்ச நாள் உங்களோடு பேசாமல் இருக்கலாம், கோபப்படலாம். பட்டுவிட்டுப் போகட்டும்.