பெட்டி நம் வாசலுக்கு வர வேண்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். பல காலம் தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தேன். நம் பக்கத்தில் டிரெஸ்ஸர் என்று சொன்னால்தான் புரியும். இப்போது கோயில் மண்டபங்களில் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். இன்றைக்கு ஏஇடி பெட்டி பற்றிப் பேசுகிறேன். நின்றுபோகிற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து உயிரைத் திருப்புகிற பெட்டி. விமான நிலையத்திலும் பேரங்காடியிலும் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

முதலில் ஒன்று. மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு. மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துக் கொட்டி, "ஐயா, வலிக்குது" என்று சொல்வார். அவருக்கு நினைவு இருக்கும். இதயம் நின்றவர் அப்படியே சரிவார். கூப்பிட்டால் பதில் வராது, மூச்சு சரியாக இருக்காது. மாரடைப்பு சில சமயம் இந்த நிலைக்குக் கொண்டுபோய் விடும். இதயம் நிற்கிறது என்றேன். பல பேருக்கு அது உடனே ஓய்ந்துவிடுவதில்லை, தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும். உறுமி மேளக் குழுவில் ஆளாளுக்கு ஒரு தாளம் அடித்தால் எப்படி இருக்கும்? சத்தம் இருக்கும், மேளம் இருக்காது. பெட்டி கொடுக்கும் மின்னதிர்ச்சி எல்லாரையும் ஒரு நொடி நிறுத்துகிறது. பிறகு இதயம் தன் பழைய தாளத்தைத் தானே பிடிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

அந்த வாய்ப்பு வேகமாகக் கரையும். நெஞ்சை அழுத்தவும் ஆளில்லை, பெட்டியும் இல்லை என்றால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. நிமிடத்துக்கு, நேயர்களே. செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண் சாலையை நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எந்தத் திருப்பத்தில் இறங்குவது என்று தெரியாது. யாராவது ஒருவர் மோட்டாரில் முச்சந்திக்குப் போய் நின்று கை காட்ட வேண்டும். மருத்துவமனையில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அது அங்கேதான் இருக்கிறது. விழுந்தவர் இங்கே கிடக்கிறார்.

இதே கவலை ஒரு மனிதருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்தது. அவர் கதையைச் சொல்லாமல் நான் எந்த வகுப்பையும் முடிப்பதில்லை. பெயர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், வட அயர்லாந்துக்காரர். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ராணுவ மருத்துவராக அங்கே இருந்தார், ஜப்பானியரிடம் பிடிபட்டார். பிடித்துக்கொண்டு போய் எங்கே விட்டார்கள் தெரியுமா? போர்க்காலத்தில் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்து ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில். நம் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிப் போனார்களே, திரும்பி வராத தாத்தாக்களும் பெரியப்பாக்களும், அதே பாதை. எத்தனை வீடுகளில் இன்றைக்கும் அந்தப் பேச்சு எடுத்தால் பாட்டிமார்கள் அமைதியாகிவிடுகிறார்கள்! பான்ட்ரிட்ஜ் உயிரோடு வந்தார். ஆனால் சாப்பாட்டில் சத்தில்லாமல் வரும் பெரிபெரி நோய் அவர் இதயத்தையே பிடித்திருந்தது. ஊருக்குத் திரும்பி இதய மருத்துவரானார்.

பெல்ஃபாஸ்டில் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் வேலை பார்க்கும்போது அவர் கவனித்தது ஒன்றுதான்: மாரடைப்பால் சாகிறவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலுக்கே வந்து சேர்வதில்லை. அப்படியானால் கருவிதான் அவர்களிடம் போக வேண்டும். 1965-இல் கார் பேட்டரிகளை வைத்து ஒரு கருவி செய்தார். எடை 70 கிலோ! மறு ஆண்டு தொடக்கத்தில் அதை ஆம்புலன்சில் ஏற்றி வீடுகளுக்கே அனுப்பினார். பல மருத்துவர்கள் அவரை நம்பவில்லை. அவர் விடவில்லை, சில ஆண்டுகளில் மூன்று கிலோ சொச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நம் தாத்தாக்களோடு அந்தக் காட்டில் கிடந்த ஒரு மனிதர் செய்த வேலை இது. இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, இன்றைக்கு வருவோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் அவைவ் என்று ஒரு புதுத்தொழில் நிறுவனம். ஒரு கிலோவுக்கும் குறைவான ஏஇடி பெட்டி செய்கிறது. 2022-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி கொடுத்தது. எடை குறைவு என்பதைவிட எனக்குப் பிடித்தது வேறு. அவசர அழைப்பு வந்ததும் பக்கத்தில் யார் வீட்டில் பெட்டி இருக்கிறதோ அந்தப் பெட்டிக்கே செய்தி போகிற மாதிரி செய்திருக்கிறார்கள். பெட்டி வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அவ்வளவு தூரம் போவானேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2015-லிருந்து ஒரு செயலி இருக்கிறது. இதயம் நின்று ஒருவர் விழுந்தால் 400 மீட்டருக்குள் இருக்கும் தன்னார்வலர்களின் கைப்பேசிக்கு அறிவிப்பு வரும். பக்கத்துப் பெட்டி எங்கே என்றும் காட்டும். அடுக்குமாடிகளின் கீழேயே பெட்டி மாட்டியிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில்? எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் பெட்டி இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் எதிர்த் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர் விழுந்தார். பையன்கள் ஓடினார்கள். அறை பூட்டியிருந்தது. சாவி அலுவலகக் கிராணியிடம், கிராணி ஈப்போ நகரில். கண்ணாடி வழியாகப் பெட்டி தெரிந்தது என்று அந்தப் பையன்கள் என்னிடம் சொன்னார்கள். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததாம். அந்த மனிதர் பிழைக்கவில்லை. விலை உயர்ந்த பொருள், திருடு போய்விடும் என்று பூட்டுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்வேன்: திருடு போனால் இன்னொன்று வாங்கலாம். பூட்டாதீர்கள். கோயில் நிர்வாகம், தோட்ட அலுவலகம், பள்ளி, யார் வாங்கினாலும் இரவு பகல் எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

இன்னொன்று, மொழி. பெட்டி வாய்விட்டுப் பேசும்: ஒட்டுங்கள், தொடாதீர்கள், அழுத்துங்கள் என்று படிப்படியாகச் சொல்லும். தேவையில்லாதவருக்கு அது மின்னதிர்ச்சி கொடுக்காது. இதயத்தைத் தானே பார்த்துத்தான் முடிவு செய்யும். அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் காலை பத்து மணிக்கு லயத்து வீட்டில் யார் இருப்பார்கள்? பாட்டியும் பேரப்பிள்ளையும்தான். என் வகுப்பில் பால் மரம் வெட்டிய கையோடு ஒரு பாட்டி பொம்மையின் நெஞ்சை அழுத்தினார். இளைஞர்களைவிடச் சரியான ஆழம். பெட்டி ஆங்கிலத்தில் பேசியதும் கையை எடுத்துவிட்டு, "என்னய்யா சொல்லுது?" என்று என்னைப் பார்த்தார். இரண்டு மொழி பேசும் பெட்டிகள் சந்தையில் ஏற்கனவே உண்டு. மலாயோடு தமிழும் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நெஞ்சை அழுத்தும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆள் விழுந்து, பதிலில்லை, மூச்சு சரியில்லை என்றால் உடனே 999 அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையும் வைத்து ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். பெட்டி வந்தால் சட்டையைக் கழற்றி, அதிலுள்ள ஒட்டுப் பட்டைகளில் ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழும் இன்னொன்றை இடது அக்குளுக்குக் கீழ் விலாவிலும் ஒட்டுங்கள். ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அந்தப் பட்டைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு, பார்த்து மாற்றுங்கள். அப்புறம், பெட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், பசை காய்ந்துவிடும். நன்றி, வணக்கம்.