ஏட்டுச் சுரைக்காயும் இரவல் பேனாவும்

(மாணவர் பேரவைத் தொடக்க விழாவில் பேசியது. எழுத்தில் வேண்டும் என்று சிலர் கேட்டதால் தருகிறேன். மேடையில் வாய்க்கு வராத இரண்டு மூன்று ஆண்டு எண்களைச் சேர்த்திருக்கிறேன், மற்றபடி பேசியபடியேதான்.)

விழாத் தலைவர் துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அம்மா அவர்களே, மாணவர் நல அதிகாரி அவர்களே, முன்வரிசையில் இடம் வைத்திருந்தும் பின்வரிசைக்கே போய்விட்ட பேராசிரியப் பெருமக்களே, இன்று பொறுப்பேற்றிருக்கும் பேரவைத் தலைவர் தங்கையே, செயலாளர் தம்பியே, அரை மணி நேரமாக இந்த மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கித் தம்பியே, எல்லோருக்கும் வணக்கம்.

துணைவேந்தர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். அழைப்பிதழில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்தவர் இந்த அரங்கத்திலேயே அவர் ஒருவர்தான். நான் உட்படப் பேச வந்தவர்கள் எல்லோரும் தாமதம். பதிவாளர் அம்மா முன்பு தேர்வுத் துறையைக் கவனித்தவர், அதனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரிடம் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன், அதுவரை வேறு கூட்டம் இருக்கிறது என்று எழுந்து போய்விடாமல் இருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு முன்னால் பேசிய மாணவர் நல அதிகாரி, நான் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்டார். நல்லவேளை, கோரிக்கை மட்டும் மிச்சம் இருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு மூன்று துண்டு. மாணவர் வாழ்க்கை, கேளிக்கை, தொண்டு. மூன்றையும் தலா பத்து நிமிடம் பேசுவதாகச் செயலாளர் தம்பியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பார்ப்போம்.

என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும், எதைப் பேசினாலும் ஒரு பழமொழியில் வந்து நிற்பேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வீட்டில் பிள்ளைகள் இதைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இருந்தாலும், மாணவர் வாழ்க்கை என்ற முதல் துண்டுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வகுப்பில் வரைவது சுரைக்காய். கொடி ஏறுவதும் காய்ப்பதும் வகுப்புக்கு வெளியே. அந்த வெளி இடத்துக்குத்தான் பேரவை, மன்றம், யூனியன் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம்.

இந்த யூனியன் என்ற ஏற்பாடு பேச்சில் ஆரம்பித்தது. கேம்பிரிட்ஜில் 1815, ஆக்ஸ்போர்டில் 1823, இரண்டுமே விவாதம் செய்யக் கூடிய சங்கங்கள். மாணவர்களின் பிரதிநிதியாக நிர்வாகத்தோடு பேச ஓர் அமைப்பு வேண்டும் என்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் பேரவை வைத்தது 1884-இல். அர்ஜென்டினாவில் கோர்டோபா பல்கலைக்கழக மாணவர்கள் 1918-இல் ஒரு போராட்டமே நடத்தி, பல்கலைக்கழகத்தை ஆளும் அவையில் எங்களுக்கும் நாற்காலி வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள், அது லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. பேரவைத் தலைவர் தங்கை இதைக் குறித்துக்கொள்வது தெரிகிறது, துணைவேந்தர் ஐயா என்னைப் பார்ப்பதும் தெரிகிறது. சரி, அடுத்ததுக்குப் போகிறேன்.

அந்த 1884-ஐ மட்டும் விட மனசு வரவில்லை. அதே ஆண்டில்தான் லண்டனின் கிழக்குப் பகுதியில், ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடத்தில், டாயின்பி ஹால் என்று ஓர் இல்லம் தொடங்கியது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படித்த இளைஞர்கள் அங்கேயே போய்த் தங்கி, மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்து, சட்ட உதவி செய்து, அக்கம்பக்கத்தாராக வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு பக்கம் உரிமை கேட்கப் பேரவை, இன்னொரு பக்கம் தொண்டுக்கு ஓர் இல்லம், இரண்டும் ஒரே வருஷம். தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அப்புறம் கேளிக்கை. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தட்டு ஏந்திச் சாப்பிடும் கூடம் ஒன்று உண்டு. 1970 பிப்ரவரி 14 அன்று தி ஹூ என்ற ராக் குழு அங்கே வாசித்தது, அதை அப்படியே பதிவுசெய்து இசைத்தட்டாகப் போட்டார்கள், இன்றைக்கும் மேடைப் பதிவுகளில் சிறந்தது எது என்று பேச்சு வந்தால் அதன் பெயர் அடிபடுகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த கச்சேரி! ஆகவே அரங்கம் சிறியது, ஏசி இல்லை, பட்ஜெட் போதவில்லை என்று கலைச் செயலாளர்கள் இனி என்னிடம் வந்து அழ வேண்டாம். கேளிக்கையைப் பற்றி இன்னும் சொல்ல இருந்தது, ஆனால் அதைச் சொல்லப்போனால் என் சொந்தக் கதை வந்துவிடும். வரட்டும்.

நானும் ஒரு காலத்தில் கலைச் செயலாளராக இருந்தவன்தான். ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அதற்கு முந்தின நாள் இரவு நான் இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். மேடைத் திரை மேலே போனால் இறங்கவில்லை. நாடகத்தில் ராஜாவாக நடிக்க வேண்டியவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, சைகையிலேயே ஆண்டுகொண்டிருந்தான். மைக் செட்காரர் முன்பணம் கேட்டு வாசலில் நிற்கிறார். அந்த நேரம் பார்த்து எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அண்ணன் ஒருவர், பார்வையில்லாதவர், கையில் கோலோடு படியேறி வந்தார். “தம்பி, நாளைக்குக் காலையில மூணு மணி நேரம் ஃப்ரீயா?” என்றார். நாளைக்கு மூன்று நிமிடம்கூட எனக்கில்லை. “எதுக்கு அண்ணே?” என்றேன். அவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தர வருவதாகச் சொன்ன ஆளுக்குக் காய்ச்சல், காலையில் வரலாற்றுத் தேர்வு, ஆள் இல்லாவிட்டால் தேர்வு போச்சு, அவ்வளவுதான். ஏற்கெனவே பதினோரு பேரிடம் கேட்டிருக்கிறார். நான் பன்னிரண்டாவது. பதினோரு பேருக்கும் விழா வேலை. அந்த வேலையைப் பிரித்துக் கொடுத்த புண்ணியவான் யார் என்றால், நான்தான்.

போனேன். நான் இயற்பியல் மாணவன், வரலாற்றில் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தோடு சரி. அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். முதல் கேள்விக்கு அவர் இரண்டு வரி சொல்லிவிட்டு, “இருங்க, யோசிச்சுச் சொல்றேன்” என்றார். நான் “இருங்க, யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுதிவிட்டேன். அதை அடித்துவிட்டு நிமிர்ந்தால் மேற்பார்வையாளர் என்னையே பார்க்கிறார். ஒன்றரை மணி நேரத்தில் பெருவிரல் மரத்துப்போனது. அவர் பாட்டுக்கு ஆறு மாதமாக மனசில் அடுக்கி வைத்திருந்ததைப் பத்தி பத்தியாக இறக்குகிறார், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி ஓடுகிறது. ஒரு கட்டத்தில் கை தாங்காமல், அவர் சொன்ன ஒரு நீளமான வாக்கியத்தைப் பாதியாகச் சுருக்கி எழுதினேன். கருத்து ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு, தலையை லேசாக என் பக்கம் சாய்த்தார். “தம்பி, நான் சொன்னதுக்குப் பேனாச் சத்தம் பத்தலையே.”

காகிதத்தில் பேனா உரசும் சத்தத்தை அவர் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். மூன்று மணி நேரமும்.

முழுசாகத் திருப்பி எழுதினேன். மாலையில் விழா நடந்தது, திரை பாதியில் நின்றது, ராஜா சைகை காட்டினார், கூட்டம் அதைத்தான் பிரமாதமான நகைச்சுவை என்று கைதட்டியது. அதெல்லாம் இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு மட்டும் அந்தப் பேனாச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது தெரிந்திருக்கும், நான் மூன்றாவது துண்டுக்கு வந்துவிட்டேன். தொண்டு என்றால் உடனே துடைப்பத்தோடு ஒரு நாள் போட்டோ எடுத்துக்கொள்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, எடுங்கள். ஆனால் பக்கத்து வகுப்பில் படிக்கும் ஒருவருக்குப் பதிலி எழுத்தர், அதாவது அவர் சொல்வதைத் தேர்வில் எழுதித் தரும் ஆள், கிடைக்காமல் தேர்வுக்கு முந்தின இரவு பன்னிரண்டு பேருடைய வாசலில் போய் நிற்கிறார் என்றால் அந்த வளாகத்தில் பேரவை என்று ஒன்று எதற்கு?

சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் வந்தது, கல்விக்கென்றே அதில் 24-ஆவது பிரிவு இருக்கிறது. பல நாடுகளில் தேர்வில் கூடுதல் நேரம் தருகிறார்கள். இந்தியாவில் 2018-இல் வந்த வழிகாட்டுதல் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றது. சட்டம் நேரத்தைத் தரும், பேனா பிடிக்கும் கையைத் தராது. கணினி வந்துவிட்டதே என்று பதில் வரும் என்று எனக்குத் தெரியும். வந்ததுதான், நல்லதுதான். மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் எழுத ஆரம்பித்த என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள், இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நம் பாடக்குறிப்புகள் பாதிக்குமேல் செல்போனில் படம் பிடித்துப் பகிர்ந்தவை. திரைவாசிப்பானுக்கு அது எழுத்தே இல்லை, வெறும் படம், தானாக வாயைத் திறக்காது. வரைபடமும் சமன்பாடும் கேட்கவே வேண்டாம். அந்தக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுப்பதும், வாசித்துப் பதிவுசெய்து கொடுப்பதும் விடுதி அறையில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை மாற்று வடிவில் ஆக்கப் பதிப்புரிமை குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காக 2013-இல் மராகேஷ் ஒப்பந்தம் போட்டார்கள், அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா.

வயசு போதாது என்றும் சொல்லாதீர்கள். லூயி பிரெய்ல் என்ற பார்வையற்ற மாணவர் 1824-இல், விரலால் தடவி வாசிக்கும் ஆறு புள்ளி எழுத்தை ஓரளவு முடித்துவிட்டபோது அவருக்கு வயது 15. அவர் படித்த பாரிஸ் பள்ளி அதை முறையாக ஏற்றது 1854-இல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து. ஒரு மாணவன் சக மாணவர்களுக்காகச் செய்த வேலை அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டே திரிகிறேனே, இந்த ஒரு வேலையில் மட்டும் என் பழமொழி தோற்றுப்போகிறது. ஏடுதான் இங்கே கறி.

எழுதப் போகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். கேள்வியை உள்ளபடி வாசியுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். பதில் தப்பென்று உங்களுக்குத் தோன்றினாலும் இருமாதீர்கள், முகம் சுளிப்பது அவருக்குத் தெரியாவிட்டாலும் பெருமூச்சு கேட்கும். எத்தனை மதிப்பெண், எவ்வளவு நேரம் மிச்சம் என்று அவர் கேட்டால் உடனே சொல்லுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தால் எழுத்துக் கூட்டிக் கேளுங்கள். சுருக்காதீர்கள். கை உடைந்தவர்களும், எழுத்து தடுமாறும் குறைபாடு உள்ளவர்களும் உதவி கேட்டு வருவார்கள், அவர்களுக்கும் இதே முறைதான்.

பதிவாளர் அம்மா, உங்களிடம் கேட்க நினைத்தது இதுதான். ஆளைத் தேடும் பாரம் மாணவர் தலையில் விழக் கூடாது. தேர்வு அட்டவணை வெளியாகும் அன்றே, யார் யாருக்கு எந்தத் தாளுக்கு ஆள் வேண்டும் என்ற விவரம் பேரவை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் போக இன்னொரு ஆளும் பட்டியலில் இருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள்.

கலைச் செயலாளர் தம்பிக்கு ஒரு வார்த்தை. விழாத் தேதியைத் தேர்வு வாரத்தில் வைக்காதே.

செயலாளர் தம்பி கையைக் காட்டுகிறார், நேரமாகிவிட்டதாம். வெளியே போகும் வழியில் மேசைமேல் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பெயர், துறை, எந்தப் பாடம் எழுத வரும், எந்த நாள் காலியாக இருக்கும், இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். முதல் பெயர் பேரவைத் தலைவர் தங்கையுடையதாக இருக்கட்டும். என்னிடம் பேனா மட்டும் இல்லை, யாராவது ஒன்று இரவல் கொடுங்கள்.