சிறு துரும்பும் பல் குத்த உதவும்: பெங்களூரு அல்சூர் ஏரிப் பகுதியில் பேசியது

தலைவர் ஐயா அவர்களே, விடிவதற்கு முன்பே வந்து நாற்காலி போட்ட தம்பிகளே, மாநகராட்சியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொறியாளர் அம்மா அவர்களே, தினமும் ஏரியைச் சுற்றி நடக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். நேரம் கொடுத்த தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். பழைய பொருளால் நடைபாதை போடுவது, அதில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, அந்தப் பொருளைப் பிரித்துக் கொடுக்கிறவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பது.

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்று என் அம்மா சொல்வார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் அதைச் செய்தே காட்டினார். தூக்கி எறிந்த பிளாஸ்டிக் பையை நறுக்கி, சூடான ஜல்லி மேல் தூவினார். அது உருகி ஜல்லியில் ஒட்டியது. அப்புறம் தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அது வண்டி ஓடும் சாலைக்கு. மரத்தடியில் நடக்கிற பாதைக்குத் தாரே வேண்டாம். இடித்த வீட்டின் கான்கிரீட்டையும் செங்கல்லையும் உடைத்து அடியில் பரப்பி, மேலே கல் உடைக்கும் கிரஷர் தூள் போட்டு, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால் போதும். ஏரி விளிம்பில் மட்டும் கான்கிரீட் கூடாது, அதன் சுண்ணாம்புக் காரம் தண்ணீரில் இறங்கும். அங்கே செங்கல்லும் ஓடும் போடலாம்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். மர்ஃபி டவுனில் என் அக்கா வீட்டை இடித்தபோது லாரிக்காரர் வந்துவிட்டார். எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டால் பதிலே இல்லை. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் குப்பை பிரிக்கும் அம்மா ஓடி வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். "அண்ணா, அரை நாள் பொறுங்க, நான் பிரிச்சுக்கிறேன்" என்றார். அக்கா சரி என்றார். அந்த அம்மா மகனையும் மருமகளையும் கூட்டி வந்தார். முழு மங்களூர் ஓடு ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். உடைந்த செங்கல்லையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றித் தன் குடிசைக்குப் போகிற சந்துக்குக் கொண்டுபோனார். மழை வந்தால் பிள்ளைகள் வழுக்கி விழுகிற சந்து அது. அங்கே பரப்பி, திமிசுக்கட்டையால் இரண்டு நாள் இடித்தார்கள். ஒரு மழைக்காலம் போய்விட்டது, பாதை அப்படியே இருக்கிறது. நானே நடந்து பார்த்தேன். சிறு துரும்பு என்று நாம் எறிந்ததுதான்!

கட்டட இடிபாட்டைப் பிரிக்க 2016-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. பிரிக்கிற கைக்குக் கூலி எங்கே? பாதைக்கான டெண்டர் பட்டியலில் ஜல்லிக்கு ஒரு வரி, ரோலருக்கு ஒரு வரி எழுதியிருக்கிறது. பிரிக்கிறவர்களுக்கும் ஒரு வரி வேண்டும். கையுறையும் பூட்ஸும் அதில் சேர வேண்டும். தண்ணீர் வடிகாலைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். இன்று இது ஒன்றுதான் என் கோரிக்கை.

பொறியாளர் அம்மா, நான் சொன்ன அந்த அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை மேடைக்கு அழைக்கலாமா, தலைவர் ஐயா?