படத்தின் ஓரத்தைப் பாருங்கள்: தேக்காவின் பழைய புகைப்படங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் பழைய ஆல்பத்தைத் திறந்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் முகத்துக்குத்தான் போகும். "இது பெரியம்மா, இது சின்ன மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால் தெருவின் கதை படத்தின் ஓரங்களில்தான் கிடக்கிறது. பாதி வெட்டுப்பட்ட கடைப் பலகை, தூணில் எழுதிய எண், தற்செயலாக நுழைந்துவிட்ட ஒரு காரின் மூக்கு, இவையெல்லாம் எடுத்தவர் நினைத்துப் பார்த்து எடுத்தவை அல்ல. அதனாலேயே அவற்றை நம்பலாம். இங்கே வந்திருப்பவர்களில் பலர் சிங்கப்பூரின் தேக்காவிலும் சிராங்கூன் ரோட்டிலும் ஓடி விளையாடியவர்கள் என்பதால் அந்த வட்டாரத்தையே வைத்துப் பேசுகிறேன்.

ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சதுரமான கறுப்பு வெள்ளைப் படம். ஐந்தடிப் பாதையில், அதாவது கடை வரிசைக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையில், ஓர் அம்மா, பக்கத்தில் பாவாடை சட்டையில் ஒரு சிறுமி. பின்னால் கடைப் பலகையின் கீழ்ப்பாதி தெரிகிறது. அதில் முகவரியின் கடைசி வரி. சதுர வடிவமே ஒரு தகவல்தான்: 120 ஃபிலிம் சுருளில் 6 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டராகப் பதியும் கேமராவாக இருக்கலாம். இப்போது அந்த முகவரி வரிக்கு வாருங்கள். "சிங்கப்பூர் 8" என்று ஒரே ஓர் இலக்கம் இருந்தால் அது 1950இல் வந்த அஞ்சல் வட்டார எண். நான்கு இலக்கம் என்றால் 1979க்குப் பிறகு எழுதிய பலகை. ஆறு இலக்கம் என்றால் 1995 செப்டம்பருக்குப் பிறகு. தொலைபேசி எண்ணும் அப்படித்தான்: 6இல் தொடங்கும் எட்டு இலக்க எண் 2002 மார்ச்சுக்கு முன்பு எந்தக் கடைப் பலகையிலும் இருந்திருக்க முடியாது.

இங்கே பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. பலகையில் "சிங்கப்பூர் 8" என்று இருப்பதைப் பார்த்து, படம் 1979க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடுவார்கள். கடைக்காரர் பலகையை மாற்ற என்ன அவசரம்? பழைய பலகை இருபது வருடம்கூடத் தொங்கும். படத்தில் இருக்கும் பழைய பொருள் காலத்தை முடிவு செய்யாது. புதிய பொருள்தான் முடிவு செய்யும். ஒரு படத்தில் தெரிகிற எல்லாவற்றிலும் எது கடைசியாக வந்ததோ, அந்த ஆண்டுக்கு முன்னால் படத்தைத் தள்ள முடியாது. பழைய பலகைக்குக் கீழே 'எஸ்பிஏ' என்று மூன்றெழுத்தில் தொடங்கும் எண் தகடு போட்ட கார் நின்றால், படம் 1984க்குப் பிந்தியது. பலகை என்ன சொன்னாலும் சரி.

மேல் எல்லையை, அதாவது எந்த ஆண்டுக்குப் பிறகு படம் எடுத்திருக்க முடியாது என்பதைக் கட்டுவதற்கு, இல்லாமல் போனவற்றைத் தேட வேண்டும். இடிக்கப்பட்ட கட்டடம் நல்ல சாட்சி. பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை 1915இல் கட்டப்பட்டு 1982இல் இடிக்கப்பட்டது. அது இருந்தது சந்தையும் உணவுக்கடைகளும் உள்ள இப்போதைய தேக்கா நிலையத்தின் இடத்தில் அல்ல, ரோட்டுக்கு எதிர்ப்புறம், இன்று தேக்கா பிளேஸ் கடைத்தொகுதி நிற்கும் பக்கம். இதை மறந்துவிட்டுப் படத்தை இடம் வலமாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. புதிய நிலையம் 1982இல் திறந்தபோது அதன் பெயர் சூஜியாவ். தேக்கா என்ற பெயர் 2000இல்தான் திரும்ப வந்தது. ஆக, கட்டடத்தில் சூஜியாவ் பலகை தெரிந்தால் அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குள் வைத்துப் பார்க்கலாம். நகரத் தெருவில் தலைக்கு மேலே, மின்சாரத்தில் ஓடிய டிராலி பஸ்களின் கம்பிகள் இரட்டையாக ஓடினால், அந்த பஸ்கள் 1962இல் நின்றுவிட்டதை நினைவில் வையுங்கள்.

நிழலையும் விடாதீர்கள். நம் தீவு நடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே, வடக்கே இருக்கிறது. அதனால் உச்சி வெயிலில் டிசம்பரில் நிழல் வடக்கே சாயும், ஜூனில் தெற்கே சாயும். சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் வரிசைக் கடைகளின் முகம் ஏறக்குறைய தென்கிழக்கு. அந்த முகப்பில் நேர் வெயில் அடித்தால் காலை, எதிர் வரிசையில் டன்லப் ஸ்திரீட் முனைப் பக்கம் அடித்தால் பிற்பகல். சுவர்க் கடிகாரம் தெரிந்தால் இன்னொரு கணக்கு: 1982 ஜனவரி 1 வரை நம் கடிகாரம் இன்றைய நேரத்துக்கு அரை மணி நேரம் பின்னால் ஓடியது. அப்போது உச்சி வெயில் சுமார் பன்னிரண்டரை மணிக்கு, இப்போது ஒரு மணிக்கு.

சரி, படங்களைத் தொடும் வேலைக்கு வருகிறேன்.

பிளாஸ்டிக் தாளை உரித்து ஒட்டும் ஆல்பம்தான் நம் வீடுகளில் அதிகம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெருமையாக வாங்கியது. அதன் பசை பழுப்பேறி அட்டையோடு படத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூலையைப் பிடித்து இழுத்தால் படம் வளைந்து மேற்பூச்சு வெடித்துவிடும். வாசனை சேர்க்காத பல் இடுக்கு நூலை ஒரு முழம் எடுத்து, படத்துக்கும் அட்டைக்கும் இடையில் நுழைத்து, ரம்பம் போல மெதுவாக இருபக்கமும் இழுத்துக்கொண்டே கீழே இறங்குங்கள். நூல் நகர மறுத்தால் நிறுத்திவிட்டு, படத்தை ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யுங்கள். வீட்டு ஹேர் டிரையரால் சூடு காட்டும் யோசனை வேண்டவே வேண்டாம். சூட்டில் படம் சுருண்டுவிடும், பசையும் இளகி மேலும் பரவும்.

சட்டத்தில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போவது நம் ஊர் ஈரத்துக்கே உரிய கேடு. படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின். ஈரம் ஏறினால் அது இளகும், பிறகு காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், தாள் உங்கள் கையில் வரும். பிய்க்காமல், கண்ணாடிக்கு வெளியிலிருந்தே சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். மீதிப் படங்களை உலர்பெட்டியில், அதாவது கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட்டில், 40 முதல் 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் பூஞ்சை வராது. அலமாரியின் கீழ்த்தட்டும், வெளிச்சுவரை ஒட்டிய இடமும் கூடாது. படத்தின் பின்புறம் எழுதுவதானால் 2பி பென்சிலால் லேசாக எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

ஸ்கேன் செய்யும்போது கைப்பேசிப் படத்தோடு திருப்தி அடையாதீர்கள். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகளாக, எடுத்தால் 2100க்கு 3000 புள்ளிகள் கிடைக்கும். அதில் கடைப் பலகையின் சிறிய எழுத்தையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். தீப்பெட்டி அளவுப் படத்துக்கு 1200, 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்குக் குறைந்தது 2400. மூலக் கோப்பை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவில் வையுங்கள். மேலே சொன்ன அளவு வண்ணப் படத்துக்கு ஏறத்தாழ 19 எம்பி ஆகும். எழுபதுகளின் வண்ணப் படங்கள் சிவந்து போயிருக்கும், காரணம் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவது. நிறத்தைத் திருத்த ஆசைப்பட்டால் பிரதியில் திருத்துங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்வது என் வேண்டுகோள். ஸ்டூடியோ முத்திரையும் பாட்டியின் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

குடும்பக் குழுவில் பகிரும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பிவிடும். 'டாகுமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். கோப்பின் பெயரிலேயே இடத்தையும் காலத்தையும் எழுதுங்கள்: "சிராங்கூன் ரோடு, பஃபலோ ரோடு முனை, 1982 முதல் 1984க்குள்" என்ற அளவில். கேமரா எங்கே நின்றது, எந்தத் திசையைப் பார்த்தது என்ற ஒரு வரி மட்டும் கூடுதலாக இருந்தால், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர் அதே இடத்தில் போய் நிற்க முடியும்.

பெரியவர்களிடம் கேட்கும் முறையும் முக்கியம். "அந்தக் காலத்தில் தேக்கா எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். படத்தைப் பெரிய திரையில் வைத்து, "ஆத்தா, இந்தத் தூணுக்கு வலப்பக்கம் என்ன கடை? அதுக்கு அடுத்தது?" என்று கேளுங்கள். கால் நடந்த வழியில் நினைவும் நடக்கும். மாவு மில் வாசம், பூக்கட்டும் பலகை, கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்த படி என்று தானாக வரும். சொல்வதை உடனே திருத்தாதீர்கள், பதிவு ஓடட்டும். கடையின் பெயர் கிடைத்துவிட்டால் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேடலாம். தீபாவளி விளம்பரங்களில் கடையும் முகவரியும் தேதியோடு இருக்கும்.

நல்ல படங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்திடமோ காட்டிப் பேசலாம். பொதுவில் போடுவதற்கு முன், படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவரிடமே கேளுங்கள், அவர் பிள்ளைகளிடம் மட்டும் கேட்டால் போதாது. அடையாள அட்டை எண் தெரிகிற பகுதியை மறைத்துவிடுங்கள்.

ஒரே படத்துக்கு அண்ணன் ஒரு பதிலும் தங்கை இன்னொரு பதிலும் சொல்வார்கள். அப்போது இருவர் சொன்னதையும் எழுதுங்கள், யார் சொன்னது, அந்தத் தெருவில் அவர் எத்தனை வயது வரை இருந்தார் என்பதோடு. ஏழு வயதில் வீடு மாறிப்போனவர் கடைப் படிக்கட்டின் உயரத்தைச் சரியாகச் சொல்வார். பதினெட்டு வரை இருந்தவர் கடைக்காரரின் பெயரைச் சரியாகச் சொல்வார்.