கதவு சென்சாரை மாற்றவில்லை, இடத்தைத்தான் மாற்றினேன்

வணக்கம் நண்பர்களே. கதவு திறப்பதையும் மூடுவதையும் கம்பியில்லாமல் கணினிக்குச் சொல்லும் என் கதவு சென்சார் அடிக்கடி தொடர்பை இழப்பதால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கப்போவதாகச் சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன். வாங்கவில்லை. மூன்று நாட்களாக அது ஒரு முறைகூடத் தொடர்பை இழக்கவில்லை என்பதால், அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் உங்களிடம் பேச வந்துவிட்டேன்.

சென்சாரின் தகவல் ஜிக்பீ என்னும் கம்பியில்லாத் தொடர்பில் வருகிறது. அதை வாங்கிக் கணினிக்குத் தரும் சிறு யுஎஸ்பி கருவியான ஜிக்பீ டாங்கிளைக் கணினியின் பின்புறம் யுஎஸ்பி 3.0 போர்ட்டில், வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கின் கேபிளை ஒட்டியே செருகியிருந்தேன். நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் அந்த இணைப்பு, ஜிக்பீ இயங்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சலைக் கசியவிடும் என்று இன்டெல் நிறுவனம் 2012இலேயே விளக்கமாக எழுதியிருக்கிறது. சென்சாரின் குரல் டாங்கிளை எட்டத்தான் செய்தது, ஆனால் பக்கத்திலிருந்த இரைச்சலில் அது அமுங்கிப்போனது.

தீர்வு, டாங்கிளை அந்த இரைச்சலிலிருந்து தள்ளிவைக்க ஒரு நீட்டிப்புக் கேபிள். அதைப் பொருத்துவதற்குள் ஒரு மாலைப்பொழுதே போய்விட்டது: முதலில் எடுத்தது ஒரு சாண் நீளம்கூட இல்லை, இரண்டாவதன் முனை தளர்ந்து, மேசையைத் தொட்டாலே டாங்கிளின் விளக்கு அணைந்தது, மூன்றாவது ஒன்றரை மீட்டர் நீளமும் உறுதியான பிடிப்பும் கொண்டிருந்ததால், அதை யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினேன். கணினிக்குப் பின்னால் டாங்கிளை ஒளித்துவைக்கும் வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கேபிளுக்கு முன்பே சென்சாரையும் இடம் மாற்றினேன். அது கதவைச் சுற்றியுள்ள இரும்பு நிலைச் சட்டத்தில் ஒட்டியிருந்தது. கதவு மூடியிருப்பதை அது உணர உதவும் காந்தம் மரக்கதவில் இருந்தது. உலோகம் ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கும் சிறிய ஆண்டெனாவின் இசைவு கெட்டுவிடும். எனவே காந்தத்தை நிலைக்கும் சென்சாரைக் கதவுக்கும் மாற்றி ஒட்டினேன், அவ்வளவுதான். -91 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்) காட்டிய சிக்னல் -80க்கு ஏறியது, அதாவது வந்துசேரும் ஆற்றல் பத்து மடங்குக்கும் மேல் கூடியது. தவறிய தகவலைச் சென்சார் மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டியதில்லை என்பதால், பொத்தான் பேட்டரியும் வீணாவதில்லை.

இந்த அலையின் நீளமே சுமார் 12.5 சென்டிமீட்டர்தான். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நான்கு விரற்கடை தள்ளினால் வலுப்படுத்திக்கொள்ளும். ஆகவே சிக்னல் மோசமாக இருந்தால், பணம் செலவழிக்கும் முன் சென்சாரைச் சற்றே நகர்த்திப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் பொதுவாக மற்றவற்றின் தகவலைக் கடத்துவதில்லை. தூரத்துச் சென்சாருக்கும் டாங்கிளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்ப மின்னிணைப்பில் இருக்கும் ஸ்மார்ட் பிளக் போன்ற கருவிதான் வேண்டும், அதையும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் செருகாதீர்கள்.

ஆண்டெனாவின் திசையையும் சொல்லிவிடுகிறேன். குச்சி ஆண்டெனா பக்கவாட்டில்தான் நன்றாகப் பரப்பும், நுனி நோக்கும் திசையில் மிகக் குறைவு. என் டாங்கிளின் ஆண்டெனாவோ இத்தனை நாளும் படுத்தபடி நேரே அந்தக் கதவை நோக்கியிருந்தது. இப்போது அலமாரியின் மேல்தட்டில் நிமிர்ந்து நிற்கிறது, அங்கிருந்து அதை யாரும் தொட நான் விடப்போவதில்லை.